தண்ணீர் புகும் ஷூ வாங்கினேன்: ஆற்றோரப் பாதையில் எட்டு மாதம்

இந்த ஷூவில் தண்ணீர் புகும். வாங்கிய முதல் வாரமே புகுந்தது, இன்று காலையும் புகுந்தது. தண்ணீர் புகுவதற்காகவேதான் வாங்கினேன் என்று சொன்னால் வீட்டில் ஒருவரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

நான் தையற்காரி. முப்பத்தோரு வருடம் மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. நடக்கச் சொன்னார்கள், நடக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நாள் தெருவிலேயே சுற்றினேன். அது சலித்துப்போய் ஆற்றங்கரைக்கு வந்து நான்கு வருடமாகிறது. வாரத்தில் நான்கு நாள், பொழுது விடிகிற நேரத்தில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தங்கை கூட வருவாள். அவள் நர்ஸ். நடக்கும்போது அவள் பறவைகளைப் பார்த்துக்கொண்டு வருவாள், நான் முன்னால் போகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டு போவேன். எந்தத் தையல் எங்கே பிரிந்திருக்கிறது என்று கண் தானாகத் தேடும்.

பாதையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஷூவைப் பற்றிச் சொல்வது விளங்காது. நகரத்தின் விளிம்பில் ஒரு பெரிய பாலத்துக்கு அடியில் தொடங்கும். முதல் ஒரு கிலோமீட்டர் சிமென்ட் தளம். சைக்கிள்காரர்கள், குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள், நாயோடு வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான். பிறகு ஜல்லி. அதற்கப்புறம் வெறும் மண். ஆறு வளைகிற இடத்தில் பாதையின் குணமும் மாறும். வளைவின் உட்பக்கம் தண்ணீர் மெதுவாகப் போவதால் மணலையும் வண்டலையும் அங்கே இறக்கிவைத்துவிட்டுப் போகும், கால் புதையும். வெளிப்பக்கம் வேகமாக மோதிக் கரையை அரித்துக்கொண்டே இருக்கும். மரவேர்கள் அந்தரத்தில் தொங்கும், பாதை வருடத்துக்கு வருடம் உள்ளே தள்ளிப்போகும். நடுவில் சதுப்பான ஓரிடத்தைத் தாண்ட மரப்பலகைப் பாலம் போட்டிருக்கிறார்கள். அதைக் கடந்து இறங்கினால் ஓர் ஓடை வந்து ஆற்றில் சேரும் பள்ளம்.

அந்தப் பள்ளத்துக்குப் பாலம் கிடையாது. வரிசையாகக் கல் போட்டு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வற்றும் மாதங்களில் கல்மேல் கால் வைத்துத் தாண்டலாம். மற்ற மாதங்களில் கல்லே தண்ணீருக்குள்தான் இருக்கும். கால் நனையாமல் அக்கரை போக வழியில்லை. பழைய தடுப்பணை வரை போய்த் திரும்பினால் மொத்தம் எட்டு கிலோமீட்டர். பள்ளத்தை இரண்டு தடவை தாண்டவேண்டும்.

முதலில் என்னிடம் இருந்தது தோல் பூட்ஸ். உறவுக்காரப் பெண் ஒருத்தி வாங்கி, போடாமலே அட்டைப்பெட்டியில் எட்டு வருடம் வைத்திருந்து, அளவு சரியாக இருக்கிறதே என்று எனக்குத் தந்தது. கடையில் இருந்து அப்போதுதான் எடுத்து வந்ததுபோல மின்னியது. மூன்றாவது நடையில், தடுப்பணைக்குப் பக்கத்தில், வலதுகால் சோல் முன்பக்கமாக வாயைப் பிளந்தது. பத்து நிமிடத்தில் இடதுகாலும். பசை விட்டுப்போயிற்று என்று நினைத்து விரலால் தொட்டுப் பார்த்தேன். சோலின் நடு அடுக்கே சாக்கட்டியைப்போலப் பொடியாக உதிர்ந்தது.

பசை குற்றமில்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இந்த மாதிரி பூட்ஸில் அடி ரப்பருக்கும் மேல் தோலுக்கும் நடுவே பாலியூரித்தேன் நுரை ஓர் அடுக்கு இருக்கும். காற்றிலுள்ள ஈரமே அந்த நுரையை மெல்ல மெல்ல உடைத்துவிடும். பள்ளிக்கூடத்தில் நீராற்பகுப்பு என்று படித்தோமே, அதுதான். ஐந்திலிருந்து பத்து வருடத்துக்குள் போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கக்கூடியது. போடாமல் மூடி வைத்தால் இன்னும் சீக்கிரம் நடக்கும் என்கிறார்கள். நடக்கும்போது நுரை அமுங்கி அமுங்கி ஈரத்தை வெளியே தள்ளுகிறதாம், சும்மா கிடந்தால் ஈரம் உள்ளேயே குடியிருக்குமாம். பத்திரமாக எடுத்து வைத்த பொருள் பத்திரத்தாலேயே கெட்டது.

கைப்பையில் எப்போதும் கொஞ்சம் எலாஸ்டிக் பட்டி கிடக்கும். அதை இரண்டு காலிலும் சுற்றி முடிச்சுப் போட்டு நான்கு கிலோமீட்டர் நடந்து வந்தேன். ஒவ்வோர் அடிக்கும் சோல் திறந்து திறந்து மூடியது.

"அக்கா, உன் ஷூ உன்னைவிட அதிகமா பேசுது," என்றாள் தங்கை.

அடுத்து வாங்கியது நீர்புகா ஷூ. விற்றவர் ஒரு குவளைத் தண்ணீரை அதன் தலையில் ஊற்றிக் காட்டினார். முத்து முத்தாக உருண்டு ஓடியது. நான் மயங்கிவிட்டேன்.

நியாயமாகச் சொன்னால் முதல் இரண்டு மாதம் அது குறை வைக்கவில்லை. பனி கோத்த புல்லில் ஒரு மணி நேரம் நடந்து வந்து கழற்றினால் சாக்ஸ் காய்ந்தே இருக்கும். வற்றிய மாதங்கள் அவை, பள்ளத்தில் கல் வெளியே தெரிந்தது. எப்படித்தான் தைத்திருக்கிறார்கள் என்று ஒருநாள் இன்சோலைக் கழற்றி உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். ஷூவுக்குள் இன்னொரு சாக்ஸ் மாதிரி ஓர் உறை. அதன் தையல்கள்மேல் எல்லாம் மெல்லிய பட்டி ஒட்டியிருந்தது. ஊசி போன இடமெல்லாம் ஓட்டைதான். சாதாரணத் துணியில் அது யாருக்கும் தெரியாது, மழைக்கோட்டு தைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பட்டி ஒட்டியவர் கைக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

உறையில் இருக்கும் சவ்வுக்கு நல்ல கதை உண்டு. 1969ல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் பி.டி.எஃப்.இ. கம்பிகளைச் சூடாக்கி மெதுவாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டெஃப்லான் என்று வாணலியில் பூசுகிறார்களே, அந்தப் பொருள். எவ்வளவு பக்குவமாக இழுத்தாலும் அறுந்தது. கடுப்பாகி ஒன்றை வெடுக்கென்று இழுத்தார். அறாமல் பல மடங்கு நீண்டுவிட்டது. நீண்டதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் எண்ணமுடியாத அளவு விழுந்தன. தண்ணீர்த் துளி நுழைய முடியாது, நீராவி வெளியேறலாம். கோர்-டெக்ஸ் அப்படி வந்ததுதான். என் ஷூவில் இருந்தது அதுவல்ல, அதே வழியில் வேலை செய்யும் வேறொரு சவ்வு.

வேலை செய்யும் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. நீராவி தானாக வெளியே கிளம்பாது. உள்ளே சூடும் ஈரமும் அதிகம், வெளியே குறைவு என்றிருந்தால்தான் கிளம்பும். குளிர்ந்து வறண்ட மலைக்காற்றில் அது ஒழுங்காக நடக்கும். விடியற்காலை ஆற்றங்கரையில் காற்றே பாதி தண்ணீர். வியர்வை எங்கே போகும்? போதாக்குறைக்கு, மேல் துணியில் பூசியிருந்த நீர்விலக்கிப் பூச்சு இரண்டு மாதத்தில் தேய்ந்துவிட்டது. முத்தாக உருண்ட தண்ணீர் துணியில் ஊறத் தொடங்கியது. ஊறிய துணி சவ்வுக்கு வெளியே ஈரப் போர்வை போர்த்தியதுபோல ஆகிவிடும், இருக்கிற கொஞ்சம் நீராவிக்கும் வழி அடைபடும். சாக்ஸ் வியர்வையிலேயே நனைய ஆரம்பித்தது.

ஆனாலும் அதை ஒழித்தது வியர்வை இல்லை, பள்ளம். மழை பெய்த மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பள்ளத்தில் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது, இழுப்பும் அதிகமில்லை. கணுக்காலுக்கு மேல் இரண்டு விரல் ஆழம். ஷூவின் கழுத்து கணுக்காலோடு நின்றது. மேல்வழியாகக் களக்கென்று இறங்கியது. இறங்கியது வெளியே வரவேயில்லை. வெளியிலிருந்து தண்ணீரை விடாத சவ்வு உள்ளிருந்தும் விடாது என்பது எனக்கு அதுவரை தோன்றவேயில்லை. இரண்டு சின்ன வாளிகளைக் காலில் மாட்டிக்கொண்டு மீதி ஐந்தரை கிலோமீட்டர். சளக், சளக். நடுவில் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தேன். உறையும் மெத்தையும் குடித்தது கவிழ்த்தால் வருமா?

வீட்டுக்கு வந்து, பொத்தான் நிறுக்க வைத்திருக்கும் தராசில் வைத்தேன். காய்ந்த நாளில் ஒற்றை ஷூ 430 கிராம் இருந்தது. அன்று 610. முழுக்கக் காய ஒன்றரை நாளுக்கு மேல் ஆயிற்று. குதிகாலில் இரண்டு கொப்புளம் எனக்கு மிச்சம்; ஊறிப்போன தோல் உரசலைத் தாங்காது.

அன்றைக்குத் தடுப்பணைச் சுவரில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து நின்றுகொண்டிருந்தது. நான் பாறையில் உட்கார்ந்து சாக்ஸைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"நீச்சல் பறவைக்குச் சிறகு நனையுமா என்ன? வாத்துக்கு ஒட்டவே ஒட்டாதே," என்றேன்.

"இதுக்கு நனையும்க்கா. இறகோட வெளிப்பக்கம் நனையும், உடம்பை ஒட்டின பக்கம் நனையாது. நனைஞ்சா இறகுக்குள்ள இருக்கற காத்து குறையும், சுலபமா முங்கலாம். மேல வந்து இப்படி விரிச்சு வெச்சுக் காயவிட்டுக்கும்."

அதைப் பார்த்துக்கொண்டே மற்ற சாக்ஸையும் பிழிந்தேன். வலைத்துணி ஷூ வாங்குவது என்று முடிவானது அந்தச் சுவரடியில்தான்.

இனி அந்த ஷூவுக்கு வருகிறேன். எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. இந்த மாடல்கள் அடிக்கடி மாறுகின்றன. இன்று நான் பெயரைச் சொல்லி நீங்கள் தேடிப் போகும்போது அதே பெயரில் வேறொன்று இருக்கும். கையில் எடுத்து எதைப் பார்க்கவேண்டும் என்று சொல்கிறேன், அது மாறாது.

மேல்பாகம் ஒற்றை அடுக்கு வலைத்துணி. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் விரல் அசைவது தெரியவேண்டும். சில ஷூக்களில் வெளியே வலை, உள்ளே ஸ்பாஞ்சு, அதற்கு உள்ளே இன்னொரு துணி என்று அடுக்கியிருப்பார்கள். பார்வைக்கு வலை, குடிப்பதில் வாளி. நாக்கிலும் குதிகால் கழுத்திலும் எவ்வளவு மெத்தை இருக்கிறது என்று அமுக்கிப் பாருங்கள், குறைவாக இருப்பதே நல்லது. என்னுடையதில் சோலுக்கு மேலே பக்கத்துக்கு நான்கு வடிகால் துளை இருக்கிறது. இன்சோலிலும் துளை போட்டிருக்கிறார்கள். நடு அடுக்கு இ.வி.ஏ. நுரை, மூடிய குமிழிகள் என்பதால் தண்ணீரை உறிஞ்சாது. நாக்கின் இரண்டு ஓரத்தையும் பாதி உயரம் வரை மேல்பாகத்தோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். சின்ன வேலைதான், ஆனால் ஜல்லியும் சுள்ளியும் உள்ளே விழாமல் இருப்பது இதனால்தான். வாங்கும்போது லேஸைத் தளர்த்தி நாக்கை வெளியே இழுத்து இதைப் பார்க்காமல் விடாதீர்கள்.

தையல்: பக்கவாட்டில் இரட்டை வரிசை, லேஸ் துளைகளுக்குக் கீழே பார்டாக், அதாவது இழுப்பைத் தாங்க ஒரே இடத்தில் நெருக்கமாகப் போடும் தையல். நூல் பாலியெஸ்டர். இதில் பருத்தி நூல் போட்டிருந்தால் நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து மக்கிப் போயிருக்கும். ஒரே ஓர் இடத்தில் கை அவசரப்பட்டிருக்கிறது. முன்விரலைக் காக்கும் ரப்பர் மூடி வலைத்துணியோடு சேரும் கோட்டில் பட்டி வைக்காமல் விளிம்பை அப்படியே விட்டுவிட்டார்கள். கால் மடங்கும் இடமும் அதுதான். ஐந்தாம் மாதம் நூல் பிரிந்தது. மெழுகு தேய்த்த கெட்டி நூலால் நானே பத்துத் தையல் போட்டேன், மூன்று மாதமாக நிற்கிறது. தையல் தெரியாதவர்களுக்கு இது பெரிய குறையாகத்தான் இருக்கும்.

பள்ளத்தில் எப்படி? இறங்கியதும் தண்ணீர் உடனே உள்ளே வந்துவிடும், ஒரு நொடிகூடத் தாக்குப்பிடிக்காது. ஏறி முப்பது நாற்பது அடி நடப்பதற்குள் உள்ளங்கால் அமுக்குகிற அமுக்கில் பக்கத்துத் துளைகள் வழியே பீச்சியடித்து வெளியே போய்விடும். அதே தராசில் வைத்தேன்: காய்ந்தபோது 285 கிராம், நனைந்து நடந்து வீட்டுக்கு வந்தபின் 330. சாயங்காலம் நிழலில் வைத்தால் மறுநாள் காலையில் தயார். ஈரமாகத்தான் நடக்கிறேன், ஆனால் தண்ணீரைச் சுமந்து நடக்கவில்லை. இடுப்புக்கு இந்த வித்தியாசம் தெரிகிறது.

சாக்ஸ் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். பருத்தி கூடாது. பருத்தி ஈரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு தொளதொளத்து, மடிந்து, மடிப்பே கொப்புளமாகும். மெல்லிய கம்பளி போடுகிறேன். கம்பளி நூல் தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் ஈரத்தை வாங்கிக்கொண்டும் ஈரமாகத் தெரியாது. நனைந்தாலும் சில்லிட்டுப் போகாது. அவசரமாகக் காயவேண்டும் என்றால் செயற்கை இழை. இரண்டும் கலந்ததுதான் நீண்ட நாள் உழைக்கிறது.

பெரிய குறை வண்டல். தண்ணீர் போகிற வழியில் மண்ணும் போகும். வெள்ளம் வடிந்த வாரத்தில் உட்பக்க வளைவில் படியும் நைசான வண்டல் இருக்கிறதே, மாவு மாதிரி இருக்கும், அது வலைக்குள் புகுந்து இன்சோலுக்கும் சாக்ஸுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு உப்புத்தாள் வேலை செய்யும். இரண்டு ஜோடி சாக்ஸின் குதிகால் இப்படிப் போயிற்று. இப்போது திரும்பி வரும்போது பள்ளத்திலேயே நின்று, லேஸைத் தளர்த்தி, ஓடும் தண்ணீரில் காலை ஆட்டி அலசிவிட்டு மேலே ஏறுகிறேன். வீட்டில் இன்சோலைத் தனியே எடுத்துக் கழுவுவேன். அடுப்புக்குப் பக்கத்திலோ ஹீட்டர் முன்னாலோ வைத்துவிடாதீர்கள், சூட்டில் பசை விடும். செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒருமுறை மாற்றினால் போதும். நாற்றம் உண்டு. கழுவாமல் இரண்டு நாள் பைக்குள் வைத்திருந்தால் வீட்டில் சண்டையே வரும்.

சோலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேசவேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் விழுந்தேன்.

நடைப் பாதைக்கான ஷூ என்றாலே அடியில் கட்டை கட்டையாக ரப்பர் இருக்கவேண்டும் என்று நாமெல்லாம் நம்புகிறோம். அந்த அச்சை உண்டாக்கியவர் இத்தாலிக்காரர் விட்டாலே பிரமானி. 1935ல் ஆல்ப்ஸில் அவரோடு மலையேறப் போன ஆறு பேர் புயலில் சிக்கிச் செத்துப்போனார்கள். அன்றைக்குப் பாறையேறப் போட்ட மெல்லிய அடி கொண்ட காலணி பனிக்கும் ஐஸுக்கும் உதவவில்லை. அதற்குப் பிறகு டயர் செய்யும் பிரெல்லியின் உதவியோடு 1937ல் அவர் ரப்பர் சோலைக் கொண்டுவந்தார். அவருடைய இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்ததுதான் விப்ரம். அந்த அச்சுக்கு அவர் வைத்த பெயருக்குப் போர் டாங்கி என்று அர்த்தம்.

டாங்கி சேற்றுக்குச் சரி. என் ஷூவில் கட்டை 4 மில்லிமீட்டர் உயரம், இடைவெளி அகலம். களிமண்ணில் நடந்தாலும் இரண்டு உதறில் உதிர்ந்துவிடும். நெருக்கமாகக் கட்டை வைத்த சோலில் களிமண் அடைத்துக்கொண்டு சோலே தட்டையாகிவிடும், பிறகு சறுக்கல்தான். ஆனால் ஈரப் பலகையிலும் பாசிக்கல்லிலும் கட்டை ஒன்றுக்கும் உதவாது. அங்கே ரப்பர் எவ்வளவு பரப்பில் ஒட்டுகிறது, எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்பதே கணக்கு. நகத்தால் அழுத்தினால் லேசாகக் குழியவேண்டும். அப்படிக் குழியும் ரப்பர் சீக்கிரம் தேயும், அதையும் ஒத்துக்கொண்டுதான் வாங்கவேண்டும்.

பலகைப் பாலத்தின்மேல் வலைக்கம்பியை விரித்து ஆணியடித்திருக்கிறார்கள். அது இருக்கிற வரைக்கும் தைரியமாக நடக்கலாம். ஓரிடத்தில் நாலைந்து பலகைக்கு வலை பிய்ந்துவிட்டது. மூன்றாவது மாதம், புது ஷூ தந்த தெம்பில் வேகமாக வந்தவள் அந்த இடத்தில் தடாலென்று உட்கார்ந்தேன். முழங்கையில் நல்ல சிராய்ப்பு. இந்த ஷூ மட்டுமில்லை, எந்த ஷூவும் அங்கே பிடித்திருக்காது. இப்போது அந்தப் பலகைகளில் பாதத்தை முழுசாகப் பதித்து, சின்னச் சின்ன அடியாக, வாத்து நடை.

பாசிக்கல்லில் நிஜமாகவே பிடிக்கக்கூடியது ஒன்று உண்டு. இழைகளை அழுத்திச் செய்த ஃபெல்ட் அடி. ஆற்றில் இறங்கி நின்று தூண்டில் போடுகிறவர்கள் அதைத்தான் விரும்புவார்கள். எனக்கும் ஆசை வந்தது, விசாரித்தபிறகு விட்டுவிட்டேன். ஃபெல்ட் காயவே காயாது, அதில் ஒட்டிய நுண்ணுயிர் ஈரத்திலேயே உயிரோடு இருந்து அடுத்த ஆற்றுக்குப் பயணம் போகும். நியூசிலாந்தில் 2004ல் டிடிமோ என்ற ஒற்றைச் செல் பாசி ஓர் ஆற்றில் தெரிய வந்தது. கல்லை எல்லாம் அழுக்குப் பஞ்சு மாதிரி மூடிவிடும் அது. மேலும் பரவாமல் இருக்க 2008ல் அங்கே ஃபெல்ட் அடிக்கே தடை போட்டார்கள். வலைத்துணி ஷூ போடுகிறவர்களும் இதில் பாதிக் குற்றவாளிகள்தான். ஓர் ஆற்றில் நடந்த ஷூவோடு வேறோர் ஆற்றுக்குப் போகும் முன்பு சேற்றைச் சுரண்டி, கழுவி, நன்றாகக் காயவிட்டு எடுத்துப்போங்கள்.

இந்த ஷூவை நான் புகழ்வதைத் தங்கை முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. அவள் சொன்னதை அப்படியே போடுகிறேன்: "உன் ஷூ உள்ள விடறது தண்ணிய மட்டும் இல்லக்கா. நகரத்தைத் தொட்டு ஓடற ஆறு. மழை பெஞ்சா சாக்கடை, எலி மூத்திரம், எல்லாம் இதுலதான் வந்து சேரும். கால்ல ஒரு கீறல் இருந்தா போதும்."

அவள் பயப்படுவது எலிக்காய்ச்சலுக்கு. எலி முதலிய பிராணிகளின் சிறுநீரில் உள்ள கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் உயிரோடிருந்து, வெட்டுக்காயம் வழியாகவோ ஊறிப்போன தோல் வழியாகவோ உடம்புக்குள் போகும். நோய் தெரிய இரண்டு நாளும் ஆகலாம், நான்கு வாரமும் ஆகலாம். அதனால் எனக்கு அவள் போட்டிருக்கும் சட்டம்: காலில் கொப்புளமோ புண்ணோ இருந்தால் பள்ளத்தோடு திரும்பிவிடவேண்டும். பலத்த மழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் இறங்கவே கூடாது. வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி விரலிடுக்கைத் துடைக்கவேண்டும். காய்ச்சல் வந்தால் ஆற்றில் இறங்கியதை டாக்டரிடம் நாமே முந்திச் சொல்லவேண்டும். நான்காவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்களாம்.

தண்ணீரின் நிறம் மாறியிருந்தால் நானே திரும்பிவிடுவேன், அதற்குச் சட்டம் தேவையில்லை. வேகமாக ஓடும் தண்ணீர் அரையடி ஆழம் இருந்தாலே பெரிய ஆளையும் சாய்த்துவிடும். பள்ளத்துக்கு முன்னால் ஒரு மரம் நிற்கிறது. அதன் கிளையில், என் தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில், பிளாஸ்டிக் பை ஒன்று கந்தலாகத் தொங்குகிறது. யாரும் எறிந்ததில்லை, ஆறு மாட்டிவிட்டுப் போனது. அதை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் பள்ளத்தில் இறங்குவேன்.

அளவு பார்ப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. சாயங்காலம் போய் வாங்குங்கள், பகலெல்லாம் நின்று நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். நடக்கும்போது போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். அகலத்தில் மட்டும் சற்றுப் பிடிப்பாக எடுங்கள், வலைத்துணி நனைந்தால் நெகிழும். லேஸ் தட்டையாக இருந்தால் நல்லது, உருண்டை லேஸ் நனைந்ததும் தானாக அவிழ்கிறது. மேலே கடைசியில் உள்ள கூடுதல் துளை அழகுக்கு இல்லை. லேஸை அதே பக்கத்துத் துளையில் நுழைத்து வளையமாக்கி, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் விட்டு இறுக்கினால் குதிகால் தூக்காது. என் கொப்புளம் பாதி நின்றது இதனால்தான்.

நீர்புகா ஷூவைத் தூக்கி எறியவில்லை. குளிர் மாதத்தில், ஜல்லிப்பாதை முடிகிற இடம் வரை போய்த் திரும்புகிற நாளில், இன்றும் அதைத்தான் போடுகிறேன். தண்ணீரில் இறங்காதவர்களுக்கு, பனிப் புல்லும் தூறலும் மட்டுமே தொந்தரவு என்பவர்களுக்கு அது போதும். குளிரில் வலைத்துணி ஷூ கொடுமை. கால் விரல் மரத்துப்போய் அரை மணி நேரம் ஆகும் திரும்ப உணர்வு வர. கூர்மையான கல் நிறைந்த பாதைக்கும் இது வேண்டாம், அடி மெல்லியது, ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலுக்குத் தெரியும்.

எட்டு மாதத்தில் குதிகாலின் வெளிப்பக்கக் கட்டை பாதியாகத் தேய்ந்துவிட்டது. நான் கால் சாய்த்து நடப்பவள், அதில் ஷூவின் தப்பு கொஞ்சம்தான். வலை எங்கும் கிழியவில்லை. வடிகால் துளையில் அவ்வப்போது சின்னக் கல் சிக்கும், ஊசியால் குத்தி எடுக்கிறேன். இன்னும் நான்கைந்து மாதம் ஓடும் என்று நினைக்கிறேன், அதற்குமேல் எதிர்பார்க்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை புது ஜோடி போட்டுக்கொண்டு வந்தாள். இதே மாதிரி, வேறு நிறம். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பள்ளத்துக்கு வந்ததும் குனிந்து இரண்டு காலையும் கீறல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "ஐயோ, சில்லுன்னு இருக்கு," என்று கத்திக்கொண்டே தாண்டினாள். அக்கரையில் ஏறி நின்று, ஒரு காலை அமுக்கி, மறு காலை அமுக்கி, பக்கத்துத் துளையில் தண்ணீர் பீச்சுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தடுப்பணைச் சுவரில் மூன்று நீர்க்காகங்கள் இருந்திருக்கின்றன. நான் சொல்லித்தான் நிமிர்ந்து பார்த்தாள்.